மாடிப்படிக்கு அடியில் இருந்த சாக்கு

எரிந்த எஞ்சின் ஆயிலின் வாசமும் புது நூலின் வாசமும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கேயாவது அது மூக்கில் பட்டுவிட்டால் போதும், எங்கள் பனியன் ஊரில், ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுவிடுவேன். அங்கேதான் அப்பாவின் வெள்ளைச் சாக்கு இருந்தது. நூல் கோன்கள் அடைத்து வந்த சாக்கு. வெள்ளை என்பது பேருக்குத்தான், நான் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போதே அது கன்னங்கரேல் என்று ஆகிவிட்டிருந்தது. அதற்குள் இருந்தவை எல்லாம் அப்பா தன் கையால் செய்த கருவிகள். அவர் அவற்றை "ஆயுதம்" என்பார், அம்மா "உங்க தரித்திரம்" என்பாள்.

அப்பா ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். நூலைத் துணியாகப் பின்னி ஓட்டும் மெஷின் எங்கே முரண்டு பிடித்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்; அவரும் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று கையை வைக்காமலே சொல்லிவிடுவார். அந்தத் திமிரில்தான், கணியூரில் யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்த ஓர் அரதப் பழசான அம்பாசடரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். அப்போதே அந்தக் காருக்கு அப்பாவை விட நாலைந்து வயதுதான் குறைவு. "மெஷின்னா எல்லாம் மெஷின்தானுங்க. அது துணி ஓட்டுது, இது ரோட்டுல ஓடுது, அம்புட்டுத்தான்" என்றார். தெருவே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் காலையும் மாலையும் எங்கள் வாசலைக் கடக்கும்போது, "ஏனுங்க, தள்ளறதுக்கு ஆள் வேணும்ங்களா?" என்று கேட்காமல் போனதில்லை.

சிரமம் முதல் நாளே தொடங்கிவிட்டது. காரில் இருந்த நட்டெல்லாம் இஞ்ச் கணக்கு, அப்பாவிடம் இருந்த ஸ்பானரெல்லாம் எம்.எம். கணக்கு. பதினொன்றாம் நம்பரைப் போட்டால் ஏறாது, பன்னிரண்டைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். கோயமுத்தூருக்கு ஒரு நடை போயிருந்தால் வேண்டிய ஸ்பானரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அப்பாவா போவார்? "கடையில வாங்குனா அது கடைக்காரன் செஞ்சது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட இரும்பையெல்லாம் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நூல் தீர்ந்த கோனின் முனையை வெட்டிவிட்டால் அது ஆயில் ஊற்றும் புனல். நிட்டிங் மெஷினில் ஒடிந்துபோன ஊசிகளின் தண்டை எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கனத்துக்குக் கொண்டுவந்து, சாவிக்கொத்துப் போல ஒரு வளையத்தில் கோத்துவிட்டால், எஞ்சின் வால்வுகளுக்கு இடையில் விட்டு இடைவெளி பார்க்கும் தகடு. துணி சுற்றும் உருளையின் பக்கத் தகட்டில் மூன்று கால்களை வெட்டி, நடுவில் ஒரு மறையாணியை முறுக்கிச் செய்தது சக்கரத்தின் குடத்தை இழுத்துக் கழற்றுவதற்கு. அதற்கு வீட்டில் "முக்காலி" என்று பேர். ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுப்படி வரை கொண்டுவந்து அம்மாவிடம் காட்டுவார். "மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க" என்பாள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கடைசியாகச் செய்ததுதான் சக்கர ஸ்பானர். பழைய சக்கர நட்டுகள் எல்லாம் தேய்ந்து உருண்டையாகிப் போயிருந்தன. லேத் பட்டறையில் கிடைத்த அறுகோணக் கம்பியில் புதிதாக நட்டு கடைந்து வந்தார். அந்தக் கம்பியின் அளவு இஞ்சிலும் இல்லை, எம்.எம்.மிலும் இல்லை, கிடைத்த கம்பி அதுதான். பிறகு அதற்கென்று ஒரு ஸ்பானரையும் செய்தார். பழுக்கக் காய்ச்சி ஆயிலில் முக்கி எடுத்ததில் நட்டும் ஸ்பானரும் கல்லாக இறுகியிருந்தன. "இனி எந்தத் திருடனும் நம்ம சக்கரத்துல கைவெக்க முடியாது கண்ணு. உலகத்துலயே இதுக்கு ஒரே ஒரு ஸ்பானர்தான்" என்று என்னிடம் தூக்கிக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வகுப்பில் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அவள் செக்கிங்கில் வேலை செய்தாள். வெளிச்சத்தில் பனியனை விரித்துப் பிடித்து ஓட்டை, கறை பார்க்கிற வேலை. கடுகத்தனை எண்ணெய்க் கறை இருந்தாலும் பீஸ் ரிஜெக்ட். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள். எங்கள் வீட்டில் பொய் சொன்னால்கூடத் தப்பிக்கலாம், பாவாடையில் கறையோடு வந்தால் தப்பிக்க முடியாது. "கறை பட்டா அது துணியில்ல, வேஸ்ட்டு" என்று அவள் சொல்லிச் சொல்லி, அந்த வயதில் எனக்கு இருட்டைவிட, பேயைவிட, கறை என்றால்தான் பயம்.

கார் ஓடத் தொடங்கி ஆறேழு மாதத்தில் அத்தை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அத்தை அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதிலேயே பெற்றவர்களை இழந்த அப்பாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். அப்பா அவரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீடு குண்டடம், மண்டபமும் அங்கேயே. கல்யாணம் திங்கட்கிழமை விடிகாலை. முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்ச் சேர வேண்டும். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் என்பதால் நாலு மணிக்கெல்லாம் பெண் மண்டபத்துக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று பேச்சு. வாடகைக் கார் பேசலாம் என்று எல்லோரும் சொன்னபோது அத்தைதான், "வேண்டாம்ங்க. எம் பொண்ணு அவ மாமன் வண்டியிலதான் போவா" என்றார். அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை மனிதருக்கு.

அந்த ஞாயிறு மத்தியானம் கார் எங்கள் வாசலில் பூவும் சந்தனமுமாக நின்றது. அப்பா சாக்கைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்ததை நான் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிறகு அவர் குளிக்கப் போனார். அத்தை வீட்டார் வந்து முகூர்த்தப் பட்டு இருந்த அட்டைப் பெட்டியையும் சீர்த் துணிகளையும் டிக்கியில் வைத்துவிட்டு உள்ளே காபி குடிக்கப் போனார்கள். பட்டுப் பெட்டிக்கும் சாக்குக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. சாக்கின் அடியில் ஆயில் கசிந்து மினுமினுத்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கினால் பட்டு என்ன ஆகும்? யாரையும் கேட்கத் தோன்றவில்லை. பாவாடையில் படாமல் சாக்கை இரண்டு கையாலும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், அது எப்போதும் இருக்கும் மாடிப்படிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். அப்பா வந்ததும் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. அதற்குள் அக்காவுக்கு (கல்யாணப் பெண்தான்; முறைக்கு வேறு பேர் உண்டு, நான் அக்கா என்றே கூப்பிடுவேன்) தலையில் வைத்த பூ சரிந்துவிட்டது, ஊக்குத் தேடு என்றார்கள், தேடினேன், வண்டியில் ஏறு என்றார்கள், ஏறினேன். முன் சீட்டு வேறு எனக்கு. மறந்தே போய்விட்டது.

அம்மாவும் உறவுக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் அப்பா, அத்தை, அக்கா, நான் என நான்கு பேர்தான். பல்லடம் தாண்டிக் குண்டடம் நெருங்கும்போது மணி மூன்றே முக்கால். அப்பா ஏதோ பாட்டை முனகிக்கொண்டே ஓட்டினார். பட்டென்று ஒரு சத்தம், வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. அப்பா இறங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பஞ்சர்தானுங்க்கா. பத்து நிமிஷம். எறங்காதீங்க, சீலை அழுக்காயிரும்."

அவர் டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டதும்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஜன்னலில் தலையை நீட்டி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை நகர்த்தினார். சீர்த் துணி மூட்டையைத் தூக்கினார். ஸ்டெப்னி டயரை வெளியே எடுத்து வைத்துவிட்டு உள்ளே குனிந்தார். மறுபடி பெட்டியை நகர்த்தினார், சாக்கு இல்லாத இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் விரித்து உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். வாய் திறக்கவில்லை.

கைப்பேசி எங்கள் பக்கம் எட்டிப்பார்க்காத காலம் அது. வருகிற வண்டியையெல்லாம் அப்பா கைகாட்டி நிறுத்தினார். ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். ஆனால் அவருடைய ஸ்பானர் நட்டின் மேல் வெறுமனே சுற்றியது. எதிரே வந்த வாடகை அம்பாசடர்காரரின் ஸ்பானர் ஏறவே இல்லை. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் ரூமில் இருந்த பைப் ரெஞ்சைக் கொண்டுவந்தார். அது நட்டைக் கவ்வியது, பல் வழுக்கியது, கவ்வியது, வழுக்கியது. கல்லாக இறுகிய நட்டு. அப்பா அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். "என்னத்துலீங்க செஞ்சீங்க இத?" என்று லாரிக்காரர் வியந்து கேட்டார், பாவம், பாராட்டாகத்தான் கேட்டார்.

நாலே கால் ஆயிற்று. அத்தை இறங்கி வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றார். கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "கெளம்பறப்ப இருக்குதான்னு ஒருக்கா பாத்திருக்கக் கூடாதா தம்பி?"

"வெச்சேனுங்க்கா. வெச்சதாத்தான் ஞாபகம்" என்றார் அப்பா. அவர் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது.

கோழிகளை இறக்கிவிட்டுக் காலிக் கூண்டுகளோடு வந்த ஒரு வண்டி நின்றது. கல்யாணப் பெண்ணும் அத்தையும் பட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறிப் போனார்கள். காரை ரோட்டோரம் விட்டுவிட்டு, சீர்த் துணி மூட்டையோடு நானும் அப்பாவும் பின்னால் பஸ்ஸில் போனோம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு முப்பத்தைந்து என்று பிறகு தெரிந்தது. ஐந்தே நிமிடம். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகத்தான் சொன்னார்களாம், "தப்பா நெனைக்காதீங்க, ஆறு மணிக்கு மேல உள்ள வாங்க சாமி" என்று. ஆறு மணி வரை அக்கா அலங்காரத்தோடு மண்டபத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, கூந்தல் பூவில் ஒரு கோழி இறகோடு.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அக்கா நன்றாகத்தான் இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள். அந்த டீக்கடையை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் அத்தை அதன் பிறகு அப்பாவிடம் ஒன்றுமே கேட்டதில்லை. வருவார், போவார், பலகாரம் கொண்டு வருவார். இதைச் செய்து கொடு தம்பி என்று ஒரு பல்புகூட மாட்டச் சொன்னதில்லை. அப்பா ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டால், "உனக்கெதுக்குச் செரமம்" என்பார். அதற்குப் பதில் அவர் வைதிருக்கலாம்.

கல்யாணம் முடிந்து வீடு திரும்பியதும் அப்பா நேராக மாடிப்படிக்கு அடியில்தான் குனிந்தார். சாக்கு இருந்தது, வழக்கமான இடத்தில், வழக்கமாகச் சாய்ந்திருக்கும் சாய்மானத்தில். வெகுநேரம் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "இங்கயேதான் கெடந்திருக்குது" என்று அம்மாவிடம் சொன்னார். "நான் தூக்கி வெச்சது அப்படியே கண்ணுல நிக்குதே. எப்படி?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பாதி வழி போய்விட்டு, மெஷினை நிறுத்தினேனா என்று கம்பெனிக்குத் திரும்புவார். மெஷின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொன்னவர், நான்கு முறை திறந்து பார்த்துவிட்டும் அடுத்தவரைக் கூப்பிட்டு, "நீங்க ஒருக்கா பாத்துருங்க" என்று கேட்கத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து வயதில் சொல்லப் பயம், பதினைந்தில் வெட்கம், அதற்குப் பிறகு இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்ற பயம்.

இப்போது அந்தக் கார் இல்லை; வாசலில் நின்று துருப்பிடித்து, இரும்புக் கடைக்குப் போய்விட்டது. முக்காலியும் ஊசித் தகடும் அதோடே போயின. கம்பெனி இருந்த இடத்தில் வடநாட்டுப் பையன்கள் தங்கும் லைன் வீடுகள். அத்தை இல்லை, அம்மாவும் இல்லை. சக்கர ஸ்பானர் மட்டும் அப்பாவின் வீட்டில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க முட்டாகக் கிடக்கிறது. அது பொருந்துகிற நட்டு இனி எங்குமே கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தபோது அந்த ஸ்பானரை மிதித்துவிட்டேன். கால் வலியோ என்னவோ, இத்தனை வருடம் வராத வார்த்தை தானாக வந்துவிட்டது. "அப்பா, அன்னைக்கு சாக்க நீங்க வெச்சீங்க. நாந்தானுங்கப்பா எடுத்தேன். பட்டுல கறை பட்டுருமுன்னு." எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன்.

அப்பா என் தலையில் கைவைத்துச் சிரித்தார். "அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு பழிய உந் தலையில போட்டுக்கறயா கண்ணு? இந்த நல்ல மனசு உங்கம்மாளுது. விடு, எனக்கு அப்பவே மறதி ஆரம்பிச்சிருச்சு" என்றார். சாமி சத்தியம் என்றேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே, "செரி செரி, நீதான் எடுத்தே, போதுமா?" என்றார், குழந்தையைச் சமாதானம் செய்கிற மாதிரி.

புறப்படும்போது வாசல் வரை வந்தவர் நின்றுவிட்டார். "கண்ணு, கேஸ மூடிட்டனான்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிரு." உள்ளே போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன், ஒரு வாரம்கூட அது திறந்திருந்ததில்லை.

"மூடியிருக்குதுங்கப்பா" என்றேன்.

"நெசமாலுமா?" என்றார்.