ஐந்து மணி இருட்டும் நடுப்பாதைக் கல்லும்

போர்ட் பிளேரில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கப்பலேறிப் போனவள் கதை அளக்கிறாள் என்பார்கள். வந்த புதிதில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நிமிர்ந்தால் சன்னல் கறுத்துக் கிடந்தது. மழைதான் வருகிறது என்று கொடித்துணியை அள்ள ஓடினேன். மழையில்லை, ராத்திரி! கடிகாரத்தில் ஐந்தேகால். இந்தத் தீவு கிழக்கே எங்கேயோ கிடக்கிறது, சூரியன் அதற்கேற்ப உதித்து மறைகிறது. அலுவலகங்களோ டெல்லிக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திறக்கும், மூடும். எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் ஐந்து மணி என்றால் தெருவில் பிள்ளைகள் பம்பரம் விடுகிற நேரம்.

என் வீட்டுக்காரருக்கு ஜங்லிகாட்டில் குமாஸ்தா வேலை. அங்கிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கடலோரமாக ஒரு பாதை ஏறும். நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், மாட்டுவண்டி எல்லோருக்கும் அது ஒன்றுதான். நடப்பவர்களைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று யாரோ ஒரு புண்ணியவான் பாதையின் நடுவில் நீளமாகக் கல்வரிசை பதித்திருந்தார். அது பாதை வளைகிற இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் தொடங்கும். அரைச் சாண் உயரம்; சரிவு கிடையாது, வெள்ளை கிடையாது, தார் நிறத்திலேயே கறுப்பு. மழை நனைத்துவிட்டால் கல் எது பாதை எது என்று பகலிலேயே தெரியாது. வெள்ளையடிக்கச் சொல்லி இவர் கேட்டுப் பார்த்தார். பெயிண்ட் மெயின்லேண்டிலிருந்து வரவேண்டும், அடுத்த கப்பலில் பார்க்கலாம் என்றார்கள். எத்தனையோ கப்பல் வந்தது, பெயிண்ட் வரவில்லை.

அந்த முதல் குளிர்காலத்தில் அந்த இடத்தில் ஆட்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். அடுப்படியில் நிற்கும்போது கீழே சைக்கிள் மணி ஒருமுறை அடிக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. தவளைகூடக் கத்தாது. கொஞ்ச நேரம் கழித்து யாராவது முனகுவார்கள். வங்காளத்திலிருந்து வந்த தச்சர் விழுந்தார், மலையாளி வாத்தியார் விழுந்தார். தெலுங்குக்காரர் ஒருவர் கடல்பக்கம் பாறையில் போய் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. எழுந்தவர்கள் அவரவர் பாஷையில் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: யாரோ ஹேண்டில்பாரைப் பிடித்துத் திருப்பியது போல இருந்தது.

அடுத்த வீட்டு சம்பா இந்தத் தீவிலேயே பிறந்தவள். இந்தி பேசுவாள். எனக்கு அப்போது அதில் பாதிதான் புரியும். "வோ பத்தர் நயா ஆத்மி கோ புலாதா ஹை," என்றாள் ஒருநாள், அரிசி புடைத்துக்கொண்டே. அந்தக் கல் புது ஆளைக் கூப்பிடுமாம். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது நிஜம். விழுந்தவர்கள் அத்தனை பேரும் மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள். இங்கே பிறந்தவன் ஒருவன்கூட விழவில்லை. அதன்பிறகு தினமும் ஐந்து மணிக்கு அந்த மணிச்சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

மார்கழியில் இவரும் விழுந்தார். சம்பாவும் அவள் புருஷனும் தூக்கி வந்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது.

"சக்கரம் நேரா மோதியிருந்தா ஏறியிருக்கும் கோமதி. சாய்வா உரசிடுச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யாரோ திருப்புனாப்பல இருந்துச்சு."

சம்பா சைக்கிளைச் சுற்றிப் பார்த்தாள். முன்னால் மண்ணெண்ணெய் விளக்கு, எண்ணெய் நிரம்பி, கரிபடியாமல் இருந்தது. "பத்தி கியோ நஹி ஜலாயா?" என்று கேட்டாள், ஏன் விளக்கைக் கொளுத்தவில்லை என்று.

"அஞ்சு மணிக்கு எதுக்கு லைட்டு? ஆறுக்கு மேலதான போலீஸ் பிடிப்பான்," என்றார் இவர், வலியோடு வலியாக.

சம்பா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வங்காளத் தச்சரும் அப்படித்தான், மலையாளி வாத்தியாரும் அப்படித்தான். கண் இருட்டைப் பார்த்தாலும் கை ஐந்து மணி என்று நம்பியிருக்கிறது. பாறையில் விழுந்தவரும் தன் ஊர் வெளிச்சத்தில்தான் ஓட்டிக்கொண்டு வந்திருப்பார். காரணம் தெரிந்தபின் பயம் போயிருக்க வேண்டும். எனக்கோ கூடிப்போயிற்று. பேயென்றால் ஒரு எலுமிச்சம்பழத்தோடு போய்விடும். கூடவே கப்பலேறி வந்த சாயங்காலத்தை எதைக்கொண்டு விரட்டுவது?

மறுநாளிலிருந்து நான் ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றி, இருட்டுமுன் அந்தக் கல்வரிசையின் தலையில் கொண்டுபோய் வைத்தேன். அதன்பிறகு அங்கே யாரும் விழவில்லை. இவருக்கு நம்பிக்கையில்லை. விளக்கா காப்பாத்துச்சு, நான் கவனமா ஓட்டுறேன் என்று இன்றைக்கும் வீம்பு பேசுவார்.

அடுத்த ஐப்பசியில் பேறுகாலத்துக்காக ஊருக்குக் கப்பலேறினேன். விளக்கை சம்பாவிடம் ஒப்படைத்தேன். மார்கழியில் மகள் பிறந்தாள். "பச்சப்புள்ளயத் தூக்கிட்டு அந்தக் காட்டுக்கா போவ? மாப்பிள்ளைய இங்க வரச் சொல்லுட்டி," என்றாள் அம்மா. பொய் சொல்வானேன், எனக்கும் அந்த ஆசைதான். திரும்பிப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவுகூடக் கட்டிவிட்டேன்.

அந்த வாரம் ஜங்லிகாட்டில் கடை வைத்திருக்கும் காதர் பாய், கடையநல்லூருக்கு லீவில் வந்தவர், பிள்ளையைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில், "சம்பா புருஷனுக்குப் பாராடாங் தீவுல வேலை மாத்திட்டாங்க. குடும்பத்தோட போயிட்டாங்கம்மா," என்றார்.

"அப்ப கல்லுல வெளக்கு யாரு வைக்கிறா?"

"யாரும் வைக்கிறதில்லையே."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தாகப் போகிறது. முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஏதோ ஒரு சைக்கிள் மணி ஒருமுறை அடித்து நின்றது. எழுந்துபோய் அம்மா வீட்டு அரிக்கேன் விளக்கை ஏற்றி வாசற்படியில் வைத்தேன்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்த வெயில்ல எதுக்கு வெளக்கு?" என்றாள் அம்மா.

"அங்க இருட்டிட்டும்மா," என்றேன். "அண்ணன்கிட்டச் சொல்லி எனக்கும் பிள்ளைக்கும் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லு."

வெயிலில் சுடர் கண்ணுக்குத் தெரியவேயில்லை. எரிகிறதா என்று குனிந்து கண்ணாடிக்கு மேலே கையை நீட்டினேன். சுட்டது.