அருணாவின் ரக்பி சான்றிதழ்

அன்னவாசல் அருணாவின் இடது தோள் எலும்பு ஒரு ரக்பி போட்டியில் முறிந்தது. வடக்கே நடந்த தேசியப் போட்டி அது. எதிரணிப் பெண் முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி ஓடியபோது, அருணா பாய்ந்து இடுப்பைக் கட்டிப்பிடித்துச் சாய்த்தாள். அணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. இன்றைக்கும் குடம் தூக்கினால் தோள் விண்ணென்று வலிக்கும். அந்த வலிக்கு ஈடாக அவளிடம் இருந்தது ஒரு சான்றிதழ்தான். அதில் அனைத்து மாநில ரக்பி சம்மேளனத்தின் செயலாளர் நீல மையில் போட்ட கையெழுத்தும், பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரையும்.

அந்தச் சம்மேளனத்தின் கதையைச் சொன்னால் கோபம்தான் வரும். முதலில் பத்துப் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அப்புறம் மாநிலச் சங்கங்கள், அதற்கப்புறம் அரசு அங்கீகாரம். அங்கீகாரம் வந்த கையோடு நாற்காலிச் சண்டையும் வந்து, சம்மேளனம் இரண்டாக உடைந்தது. இரண்டு தலைவர்கள், இரண்டு முத்திரைகள், ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இரண்டு தேசியப் போட்டிகள்! பந்து எந்தப் பக்கம் எகிறும் என்றுகூடத் தெரியாத மகானுபாவர்கள் கோர்ட்டில் ஐந்து வருடம் கட்டிப்புரண்டார்கள். அந்த ஐந்து வருடத்துச் சான்றிதழ் எதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது. அருணாவுடையதும் அதில் ஒன்று. இலுப்பூர் ஜவுளிக்கடையில் துணி மடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

இந்த வருடம் இரு தரப்பும் சமாதானமாகி மறுபடி ஒன்றானார்கள். பழைய சான்றிதழின் அசலைக் கொண்டுவந்தால் பின்பக்கம் புது முத்திரை குத்தித் தருவதாகச் சென்னை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. மாதக் கடைசிக்குள் வர வேண்டும். நகல் கிடையாது, ஏனென்றால் பழைய பதிவேடுகள் சண்டையில் காணாமல் போயிருந்தன. விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு அருணா எழுத்துத் தேர்வும் ஓட்டமும் முடித்திருந்தாள். பாக்கி இந்த முத்திரை ஒன்றுதான். அடுத்த வருடம் என்றால் வயது தாண்டிவிடும்.

சென்னையில் இருந்த அலுவலர் சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பினார். "லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்களேம்மா, இதுல எங்க சீல் குத்துறது? பிரிச்சு எடுத்துட்டு வாங்க."

லேமினேட் செய்தது அப்பா மலையாண்டி. கிரஷரில் கல் அள்ளப் போகிறவர். மகள் சான்றிதழோடு ஊர் வந்து சேர்ந்த அன்றே இலுப்பூர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, "நல்லா கெட்டியாப் போடுங்க தம்பி, தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகக் கூடாது" என்று பக்கத்தில் நின்று செய்து வாங்கிவந்தார். ரேஷன் கார்டிலிருந்து மனைவியின் இறப்புச் சான்றிதழ் வரை அந்த வீட்டில் எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான் இருந்தன. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் அப்படித்தான்.

அருணா ஊருக்குத் திரும்பி, அப்பாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பஸ் அலுப்பில் படுத்துவிட்டாள். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மத்தியானம் எழுந்து பார்த்தால் அப்பா வாசலில் நிற்கிறார், முகத்தில் ஈயாடவில்லை.

"ஆத்தா, அயர்ன் பாக்ஸ்ல சூடு காட்டினா பிரிஞ்சிரும்னு கடைக்காரத் தம்பி சொன்னாப்ல. பிரிஞ்சிருச்சு. ஆனா..."

அவருடைய ஒரு கையில் சான்றிதழ். அச்செழுத்து அப்படியே இருந்தது. கையெழுத்தும் முத்திரையும் இருந்த இடம் மட்டும் வெள்ளை. இன்னொரு கையில் உரித்த பிளாஸ்டிக். நீல மை முழுசாக அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அருணாவுக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"விடுங்கப்பா. அங்கிட்டுப் போனா புதுசாப் போட்டுக் குடுத்துருவாங்க."

கொடுக்கவில்லை. அன்று ராத்திரியே பஸ் ஏறிச் சென்னை அலுவலகத்துக்குப் போய், பிளாஸ்டிக்கைத் தாளின் மேல் பொருத்தி வைத்துக் காட்டினாள். கையெழுத்து இல்லாத தாளில் முத்திரை குத்தினால் என் வேலை போய்விடும் என்றார் அலுவலர். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் கையெழுத்தைப் போட்ட பழைய செயலாளரோ இப்போது துணைத் தலைவராகிச் சுவரில் போட்டோவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். வெளிநாட்டுக்குப் போயிருக்கிறார், அடுத்த மாதம்தான் வருவார் என்றார்கள். எரிச்சலில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

அவள் ஊர் திரும்பியபோது மலையாண்டி பஸ் ஸ்டாப்பிலேயே காத்துக்கொண்டிருந்தார். "என்னாத்தா சொன்னாங்க?"

"போலீஸ்ல வேலை இல்லைன்னுட்டாங்கப்பா."

"நான் உரிச்சதுனாலயா?"

"அதெல்லாம் இல்லப்பா. உயரம் ஒரு சென்டிமீட்டர் கம்மியாம்."

மலையாண்டி பெருமூச்சு விட்டார். அந்தத் துக்கத்திலும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்ததை அருணா பார்த்தாள். அதற்காகத்தான் பொய் சொன்னாள் என்றாலும் அவளால் அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் அவள் ஜவுளிக்கடையிலிருந்து வந்தபோது சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் மேல் கிடந்தது. மறுபடியும் லேமினேட் செய்திருந்தார், முன்னைவிடக் கெட்டியாக. கையெழுத்து இருந்த இடம் வெள்ளையாகப் பளபளத்தது.

"பத்திரமா இருக்கட்டும் ஆத்தா. வேற வேலைக்கு ஆகும்ல?"

"ஆகும்பா" என்றாள் அருணா.