மொச்சைக்கொட்டையால் ராணியானவள்

வால்புர்கா ஆஸ்திரியாவில் பிறந்தவள். பதினெட்டு வயதில் எங்கள் ஊர் ரொட்டிக்காரர் கோத்ரிக்கு வாழ்க்கைப்பட்டு, பாரிசுக்குக் கிழக்கே மார்ன் ஆற்றங்கரைக்கு வந்தாள். அதே வருஷம்தான் அவள் நாட்டு இளவரசியும் எங்கள் நாட்டு அரண்மனைக்கு மருமகளாக வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஊரார் இருவரையும் முடிச்சுப் போடாமல் விடவில்லை. இளவரசி ராணியாகிப் பிள்ளை பெற்றபோது இவளுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள்; மாவு கிடைக்காதபோது இவள் கடைச் சன்னலை உடைத்தார்கள்.

"சிக்கனமா இருக்கச் சொல்லி உங்க ஊர்க்காரிக்கு ஒரு கடுதாசி போடேன்" என்பார் நாவிதர் பிரிக்கார்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்க."

புரட்சி வந்தது. பிரிக்கார் கண்காணிப்புக் குழுவின் தலைவரானார். எல்லாரும் சமம், ஆகவே யாரும் யாரையும் 'நீங்க' என்று சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் ராணியின் தலையை வெட்டியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த அன்று நான் ரொட்டி வாங்கப் போனேன். வால்புர்கா மாவில் கையை வைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"அவ யாரோ, நான் யாரோ, லுபேன். ஆனா இந்த நாட்டுல என் பாஷையில கனவு காண இன்னொருத்தி இருந்தா."

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள். அன்றைய கேக்கில் ஒரு மொச்சைக்கொட்டை இருக்கும். அது யார் வாயில் அகப்படுகிறதோ அவர் அன்றைக்கு ராஜா அல்லது ராணி. அவர் கோப்பையைத் தூக்கினால் எல்லாரும் 'ராஜா குடிக்கிறார்!' என்று கூவ வேண்டும். குழு அதற்குச் 'சமத்துவக் கேக்' என்று பெயர் மாற்றி, கொட்டையைத் தடை செய்தது. கோத்ரியின் கை முப்பது வருஷப் பழக்கத்தில் கொட்டையைப் போட்டுவிட்டது.

ஊர்மன்றத்தில் கேக் பரிமாறிய வால்புர்கா கடைசித் துண்டைத் தான் கடித்தாள். கடக்கென்று சத்தம். தொண்டையில் சிக்கியதை இறக்க ஒயினை எடுத்துக் குடித்தாள்.

"ராணி குடிக்கிறா!" என்று முதலில் கத்தியவர் பிரிக்கார்தான். வாய்ப்பழக்கம். பின்னாலேயே நாங்கள் அறுபது பேரும் கத்தினோம். அதன்பிறகுதான் என்ன கத்தினோம் என்று உறைத்தது.

மறுநாள் பிரிக்கார் தலைமையில் விசாரணை.

"எவ்வளவு நேரம் ஆட்சி பண்ணினே?"

"ஒரு மடக்கு நேரங்க."

"'ங்க' போடாதே!"

"சரிங்க."

எழுத்தர் அதை இரண்டாவது குற்றமாகக் குறித்துக்கொண்டார்.

"என்னை ராணின்னு கூப்பிட்டது நீதானே, பிரிக்கார்?"

அவள் முதன்முறையாக 'நீ' என்றதற்குக் குழு எழுந்து நின்று கைதட்டியது. தட்டி முடித்துவிட்டு, ராணிக்குத் தண்டனை கொடுத்த பாரிஸ் நீதிமன்றத்துக்கே அவளையும் அனுப்பத் தீர்மானித்தது.

வண்டிக்கு உத்தரவு கேட்டுக் கடிதம் போனது. பதில் வரும்வரை அவளைச் சிறையில் அடைத்ததில் ஊரில் ரொட்டி இல்லை. அத்தனை வருஷமும் ரொட்டிக்கு மாவு பிசைந்தவள் வால்புர்காதான்; கோத்ரி பிசைந்தது செங்கல்லாகத்தான் வெந்தது. மூன்றாம் நாள் சிறையை ரொட்டிக்கடைக்கே மாற்றினார்கள். செருப்புத் தைக்கும் என்னிடம் ஈட்டி கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள். கைதிதான் எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து ஊர்ச் செருப்பெல்லாம் தைத்தேன்.

வசந்தத்தில் பாரிசிலிருந்து பதில் வந்தது. 'ஆஸ்திரியாவில் பிறந்த ராணிக்கு அக்டோபரிலேயே தண்டனை நிறைவேறிவிட்டது. மறுபடி அனுப்ப வேண்டாம்.'

பிரிக்கார் அதை நான்கு முறை படித்தார். பாரிஸ் செத்தவள் என்று சொன்னவளை உயிரோடு இருக்கிறாள் என்று எழுத அவருக்குத் துணிச்சல் இல்லை.

"செத்தவளுக்கு எதுக்குய்யா காவல்? வீட்டுக்குப் போ" என்றார் என்னிடம்.

"நானு?" என்று வால்புர்கா கேட்டாள்.

"நீ வீட்லதானே இருக்கே!"

கோடையில் பாரிசில் ஆட்சி கவிழ்ந்து காற்று திசை மாறியது. பிரிக்காரையே பிடித்து உள்ளே போட்டார்கள். வால்புர்கா தினமும் ஒரு ரொட்டியை என்னிடம் கொடுத்து அவருக்கு அனுப்புவாள்.

"அந்தாளுக்கு எதுக்கு?" என்று எனக்கு எரிச்சல்.

"வெந்தது மிஞ்சிப்போச்சு, லுபேன். கொண்டுபோய்க் குடு."

அந்த வருஷம் எங்கள் ஊரில் ரொட்டி மிஞ்சியதே இல்லை. நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.