என் பக்கம் கனக்குது

என் சித்தி விண்கலங்களுக்கு வெப்பக் கவசம் செய்யும் பட்டறையில் பதினோரு வருடமாக இருக்கிறார். தேன்கூடு போன்ற தகட்டின் ஒவ்வொரு அறையிலும் பசையைப் பீய்ச்சி நிரப்புவது அவர் வேலை. பசையில் பொடிப்பொடியான கண்ணாடிக் குமிழ்கள் கலந்திருக்கும். கவசம் லேசாக இருப்பது அவற்றால்தான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அங்கேயே தரம் பார்க்கிறேன். சித்தி நிரப்பியதற்கு நான் கையெழுத்துப் போடுவது இன்னும் பழகவில்லை.

அன்று ஒரு தகட்டின் எடை சரியாக இருந்தது. எக்ஸ்ரேயில் ஓட்டை எதுவும் இல்லை. பேனாவை எடுத்தேன். தகட்டைத் தூக்கிக்கொண்டிருந்த சித்தி, "இருடா. என் பக்கம் கனக்குது" என்றார்.

"உனக்கு வயசாகுதுக்கா," என்றார் மறுமுனையைப் பிடித்திருந்த எக்ஸ்ரேக்காரர்.

"நீ தொப்பைய இறக்கி வச்சிட்டுத் தூக்கிப் பாரு."

ஒரு குழாயின் மேல் தகட்டை நடுவாக வைத்தோம். சித்தியின் பக்கம் சாய்ந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. மொத்த எடை சரியென்றால் இது எப்படி?

சித்திக்குப் புரிந்துவிட்டது. "நேத்து படிவத்துல ஏதோ சந்தேகம்னு கூப்பிட்டியே. திரும்பிப் போய் வாளியக் கிளறாம நிரப்பிட்டேன். குமிழெல்லாம் மேல மிதந்திருக்கும். முதல்ல எடுத்தது லேசு, அடியில இருந்தது கனம்."

குறையைப் பதியும் படிவத்தில் 'காரணமானவர்' என்று ஒரே கட்டம். அங்கே சித்தியின் பெயர் ஏறினால், பசை நிரப்ப அவருக்குத் தந்திருக்கும் அனுமதி அட்டை போய்விடும். மறுபடி அச்சு கழுவும் பிரிவுதான். அங்கிருந்து வெளியே வரவே அவருக்கு ஆறு வருடம் பிடித்தது. நான் என் பெயரை எழுதினேன்.

மேற்பார்வையாளர் அதை அடித்தார். "உன்கிட்ட அட்டையே இல்ல. உன் பேரு எப்படிப்பா வரும்?"

"அவன் கிடக்கான். கிளறாதது நான். எழுதுங்க," என்றார் சித்தி.

இப்போது சித்தி கழுவும் பிரிவில் இருக்கிறார். மறுதேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறார், எப்போது கூப்பிடுவார்களோ. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அட்டை அவரிடமே இருந்திருக்கும், அந்தத் தகடும் என் கையெழுத்தோடு போயிருக்கும். எதற்காக வருத்தப்படுவது என்றே தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்காருகிறார்.

"கூப்பிட்டது என் தப்புதானே சித்தி?"

"கூப்பிட்டா வரத்தான் செய்வேன். சாப்பிடு."

அது ஆமாவா, இல்லையா என்று இன்னும் விளங்கவில்லை.