மேசை தட்டிய கை

கன்னியப்பன் சட்டமன்றத்துக்குப் போனது பேசுவதற்காக என்று எங்கள் ஊரில் யாரும் நினைக்கவில்லை. அவரே நினைக்கவில்லை. தொகுதியில் கட்சிக்கு இரண்டு பெரிய மனிதர்கள் இருந்தார்கள். இருவருக்கும் ஆகாது. ஒருவருக்கு சீட்டு கொடுத்தால் மற்றவர் காலை வாரிவிடுவார் என்று தலைமைக்குத் தெரியும். அதனால் இருவருக்கும் பகையில்லாத ஓர் ஆளைத் தேடினார்கள். தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டு, கட்சிக் கூட்டம் என்றால் அதே லாரியில் ஆட்களை ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, ஒருமுறை ஊராட்சித் தலைவராகவும் இருந்த கன்னியப்பன்தான் அகப்பட்டார். அந்தத் தேர்தலில் காற்று அவர்கள் பக்கம் அடித்தது. ஜெயித்தும் விட்டார்.

அவருடைய அக்கா காமாட்சியம்மாள் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டபடி மொட்டை போட்டுக்கொண்டார். தாய் இறந்த பிறகு தம்பியை வளர்த்தவர் அவர்தான். கல்யாணமான வேகத்தில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பி வந்தவர், மாடு வைத்து, பால் ஊற்றி, அவரை ஆளாக்கினார். அந்த மாடுகளெல்லாம் மேய்ந்தது ஊருக்குத் தெற்கே இருந்த மேய்க்காலில். யார் பேரிலும் இல்லாத பொது நிலம் அது. ஒரகடம் ரோட்டில் இருந்து சேரப்பணஞ்சேரி வரை கம்பெனி மதில்களாக எழும்பிய பிறகும், எங்கள் மாடுகளுக்கு அந்த ஒரு இடம் மிச்சமிருந்தது.

சட்டமன்றத்தில் கன்னியப்பனுக்குப் பின்வரிசையில் இடம். கட்சிக் கொறடாவின் ஆள் ஒருவர் முதல் நாளே வந்து வேலையைச் சொல்லிவிட்டார். "அமைச்சர் அறிவிப்பப் படிச்சிட்டு நிறுத்துவாரு. நிறுத்துனா மேசையத் தட்டணும். அவ்ளோதான்."

அதை அவர் குறையில்லாமல் செய்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறிய பெரிய கை அவருக்கு. நூறு பேர் தட்டினாலும் அவர் தட்டுவது தனியாகக் கேட்கும். அமைச்சர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சாயங்காலச் செய்தியில் அந்தக் காட்சி வந்தால் டீக்கடையில் நாங்கள், "நம்மாளு தட்றாரு பாரு" என்று ஒருவரையொருவர் இடித்துக்கொள்வோம். அதில் என்ன பெருமை கண்டோம் என்று இப்போது கேட்டால் எங்களுக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேய்க்காலைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது காமாட்சியம்மாள் தம்பி வீட்டுக்கு வந்தார். எம்.எல்.ஏ. ஆன பிறகு எந்தக் காரியத்துக்கும் வந்து நிற்காதவர். உட்காரக்கூட இல்லை.

"கன்னியப்பா, மேய்க்கால எடுக்கப் போறாங்கன்னு பேசிக்கினு கீறாங்க. நீ உள்ள போய் ஒரு வார்த்த சொல்லுடா. வேற ஒன்னும் உன்ன நான் கேக்கல."

"சொல்றேன்க்கா. நாளைக்கே எழுந்து சொல்றேன்."

வாயால் மட்டும் சொன்னதல்ல அது. மறுநாள் சென்னைக்குப் போகிற வழியெல்லாம் காரில் ஒத்திகை பார்த்தார். மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே என்று தொடங்குவார், அடுத்த வரியில் தடுக்கும், மறுபடி தொடங்குவார். டிரைவருக்கே மனப்பாடமாகிவிட்டதாம். உள்ளே போனதும் கொறடாவின் ஆளிடம் பேச வாய்ப்புக் கேட்டார். பார்க்கலாம் என்றார் அவர்.

அமைச்சர் அறிவிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். கன்னியப்பன் காதில் அது விழவில்லை. எங்க ஊரு மேய்க்கால்ல நூத்துக்கணக்கான மாடு மேயுது, அத விட்டுக் குடுக்கணும் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அமைச்சர் நிறுத்தினார். சுற்றிலும் தட்டுகிற சத்தம் கேட்டது. கன்னியப்பனின் கை தானாக எழுந்து மேசையில் இறங்கியது. வழக்கம்போல அதுதான் உரக்கக் கேட்டது.

அமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். "தொழிற்பேட்டை வரப்போகும் ஊர்க்காரரான உறுப்பினரே மேசையைத் தட்டி வரவேற்கிறார்" என்றார். அவையே சிரித்தது. எதற்குத் தட்டினோம் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எழுந்து நின்றார். பேரவைத் தலைவர் அவரைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வேண்டாம் என்ற ஒரு சொல் போதும்.

"நன்றி" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ஐந்து வருடத்தில் அந்த அவையில் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். அன்று சாயங்காலம் செய்தியில் தட்டியதையும் காட்டினார்கள், நன்றியையும் காட்டினார்கள். காமாட்சியம்மாள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டு, வைக்கோல் பிடுங்கப் போய்விட்டார். தம்பி வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"அக்கா, கவனிக்காம தட்டிட்டேன்க்கா."

"சாப்ட்டியா?" என்றார் அக்கா. அதற்கு மேல் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் கன்னியப்பன் பிழைத்திருப்பார்.

மேய்க்காலைச் சுற்றி மதில் வந்தது. அக்கா மாடுகளை விற்றுவிட்டு, கம்பெனி வேலைக்கு வந்த தென்மாவட்டத்துப் பையன்கள் தங்கும் ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கப் போனார். அடுத்த தேர்தலில் கன்னியப்பனுக்கு சீட்டு இல்லை. வீட்டு மாடியில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அங்கே குடியிருக்கும் மாசானம், ஷிப்டு முடிந்து வந்த ஒரு நாள், பழைய சட்டமன்றக் காட்சி ஓடிய செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, இது நீங்கதானே? என்னமா தட்டுதிய!"

அவன் மெச்சித்தான் சொன்னான். கன்னியப்பன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எங்கேயும் கை தட்டியதில்லை. கல்யாண வரவேற்போ, பள்ளிக்கூட ஆண்டு விழாவோ, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னாள் ஆன பிறகும் கெத்து குறையவில்லை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசினோம். கையைப் பார்க்கவே அந்த மனுஷனுக்குக் கூசியது என்று எங்களுக்கு உறைக்கவில்லை.

போன மே தினத்தன்று கிராம சபை கூடியது. ஏரிக்கரையில் மிச்சமிருக்கும் இடத்தைக் கம்பெனி லாரிகள் நிறுத்தக் கேட்கிறார்கள், ஊர் என்ன சொல்கிறது என்று ஊராட்சிச் செயலர் கேட்டார். பின்னாலிருந்து காமாட்சியம்மாள் எழுந்தார். கூட்டத்தில் பேசியே அறியாதவர். முன்னால் போய் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேய்க்கால் போச்சி. கேக்க ஆளில்லாம போச்சி. ஏரிக்கரையயும் குட்த்துட்டு இன்னா பண்றது? வேணாம். ஊரே வேணான்னு சொல்லுதுன்னு எழுதிக்கங்க."

கொட்டகை அதிரக் கை தட்டினோம். கன்னியப்பன் மட்டும் தட்டவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. கை கக்கத்தை விட்டு வெளியே வரவில்லை. காமாட்சியம்மாள் திரும்பி வரும்போது அதைப் பார்த்தார். தம்பியின் நாற்காலியண்டை நின்றார்.

"எதுக்கெதுக்கோ தட்டுன கைதானேடா இது. எனக்கு ஒரு தபா தட்டக் கூடாதா?"

கன்னியப்பன் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அதற்குள் கைதட்டல் ஓய்ந்திருந்தது. செயலர் அடுத்த தீர்மானத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இப்போது தட்டினால் அதற்குத்தான் தட்டியதாக ஆகும்.