என் பெயர் இருந்தது, அவர் குரல் இல்லை

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "விடு பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு" என்று யாராவது சொன்னால் அவர்கள்மேலும் பாய்கிறேன்.

நான் செய்தது ஆறு நிமிட அனிமேஷன் படம். ஒரு மீன்காரியின் கூடையிலிருந்து நண்டு தப்பி ஓடுகிறது. அவள் ஏசிக்கொண்டே ஊரெல்லாம் துரத்துகிறாள். அவ்வளவுதான் கதை. காசு கொடுத்து மென்பொருள் வாங்க எனக்கு வசதியில்லை. எவரும் இலவசமாக எடுத்து, உள்ளே திறந்து திருத்தவும் கூடிய திறந்த மூல மென்பொருளோடு எட்டு மாதம் தனியாக மாய்ந்தேன்.

மீன்காரிக்குக் குரல் கொடுத்தவர், வல்வெட்டித்துறைச் சந்தையில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா. வியாபாரம் முடிந்து உடுப்பிட்டியில் என் வீட்டுக்கு வந்தார். சத்தம் பதியக்கூடாதென்று மின்விசிறியை நிறுத்திய அறையில் வேர்த்து ஒழுக நின்றார். நான் எழுதிக் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, "எட அறுவானே, ஓடுறியே! உன்னைக் கலைச்சுப் பிடிக்க நான் என்ன குமர்ப்பெட்டையே?" என்று தன் வாயில் வந்தபடி ஏசினார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் படத்து மீன்காரியின் வாயசைவை ஒவ்வொன்றாக அமைத்தேன். கூலி வேண்டாம் என்றுவிட்டார். "என்ரை குரல் படத்தில வருதெண்டு சந்தைக்கே சொல்லிப்போட்டன்" என்று அவருக்கு ஒரே புளுகம்; முகமெல்லாம் சிரிப்பு.

படம் முடிந்ததும் காட்சி, குரல் என்று எல்லாக் கோப்புகளையும் இணையத்தில் ஏற்றி, 'எவரும் எடுக்கலாம், மாற்றலாம், காட்டலாம்; என் பெயரைப் போட்டால் போதும்' என்று எழுதினேன். சும்மா கிடைத்ததைக் கொண்டு செய்ததைச் சும்மாவே கொடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணம்!

ஒரு கலைவிழாக் குழு படத்தைத் திரையிட்டது. அக்கா நல்ல சேலை உடுத்து, சந்தைப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு முன்வரிசையில் இருந்தார். விளக்கேற்றி, மாலை போட்டு, பேச்சுகளெல்லாம் ஓய்ந்து ஒருவழியாகப் படம் தொடங்கியது. மீன்காரி வாயைத் திறந்தாள்.

"ஏய் நண்டே! எங்கே ஓடுகிறாய்? நில்!"

செய்தி வாசிப்பதுபோல யாரோ ஒருத்தியின் குரல். அமைப்பாளரிடம் ஓடினேன்.

"உந்தச் சந்தைப் பேச்சைப் பிள்ளையளுக்குப் போடேலாது, மிஸ். நல்ல தமிழில மாத்தினனாங்கள். நீங்கள்தானே ஆரும் மாத்தலாமெண்டு எழுதிவிட்டனீங்கள்? உங்கடை பேரும் போட்டிருக்கு."

"அக்கான்ரை பேர் எங்கை?"

"அவவின்ரை குரலே இல்லை, பிறகு பேரென்னத்துக்கு?"

என்ன கதை இது! ஆனால் விதிப்படி பிழையில்லை. என் பெயரைக் காப்பாற்ற ஒரு வரி எழுதத் தெரிந்த எனக்கு, அவருடைய குரலைக் காப்பாற்ற ஒரு வரி தோன்றவில்லையே!

பிரதம விருந்தினர் இருக்கிறார் என்றும் பாராமல் கத்தினேன். படத்தை நிறுத்தி, என் பென் டிரைவைச் செருகி, என்னுடைய படத்தை முதலிலிருந்து போட்டேன். அக்காவின் ஏச்சு மண்டபத்தை நிறைத்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பாத்தீங்களே, பிள்ளையளுக்கு நல்லா விளங்குது!" என்று அமைப்பாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன். முன்வரிசையில் அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது.

மறுநாள் சந்தைக்குப் போய், அவருடைய குரலைப் போட்டதையும் பிள்ளைகள் சிரித்ததையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"முதலே சொல்லியிருந்தால் நானும் நல்ல தமிழில வடிவாக் கதைச்சிருப்பனே, தங்கச்சி" என்றார்.