காற்றை வெட்டும் கை

முடிதிருத்துபவருக்கு ஒரு பழக்கம். டம்ளரோ சாவியோ, எதைத் தூக்குவதற்கு முன்னாலும் இரண்டு விரல்களால் காற்றைச் ‘சரக் சரக்’ என்று வெட்டிவிடுவார். வெட்டுவது அவருக்கே தெரியாது.

நாம் நினைத்ததும் மூளை நரம்பு வழியாகத் தசையை எப்படி ஏவுகிறது என்று ஆராய்ந்த மருமகள், அவர் கையில் கம்பிகளை ஒட்டிப் பார்த்து, அதே மாதிரி ஓர் இயந்திரக் கை செய்தாள். அதுவும் காற்றை வெட்டிவிட்டுத்தான் டம்ளரைத் தூக்கியது! மறுநாள் அதைக் காட்டித்தான் பட்டம் வாங்க வேண்டும். அவள் மாமனாரிடம் ஓடினாள்.

“மாமா, ஒரே ஒரு தடவை வெட்டாம தூக்குங்க. அதைப் பாத்து இயந்திரக் கையை மாத்திடறேன்.”

“நானா வெட்டறேன்? நல்லா இருக்கே கதை! இப்பப் பாரு.”

வெட்டக் கூடாது என்று நினைத்ததுதான் தாமதம், கை கல்லாகிவிட்டது. முகம் சிவக்க முக்கினார், டம்ளர் அசையவில்லை.

“விடும்மா,” என்றாள் அவர் மனைவி. “பெத்த பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடியே வெட்டினவரு!”

வேறு வழியில்லாமல் மருமகள் இயந்திரக் கையை அப்படியே கொண்டுபோனாள். தேர்வாளர் அதன் பக்கத்தில் வந்து நின்றார். அது ‘சரக் சரக்’ என்றது. அவர் சட்டென்று தலையைச் சாய்த்துக் கொடுத்து, “காதோரம் மட்டும் கொஞ்சம்,” என்றார்.

தலையை மூளை ஏவியதா, கத்தரிச் சத்தம் ஏவியதா என்று அவருக்கே விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுப் பட்டத்தைக் கொடுத்துவிட்டார்.